கடனட்டைக் கழிவுக்கு யார் காசு கட்டுகிறார்கள்?

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. அவருடைய கூடையில் ஒரு பால்மாப் பக்கெட், ஒரு கிலோ பருப்பு, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், இரண்டு சவர்க்காரக் கட்டிகள். காசாளர் தொகையைச் சொன்னதும் சின்னப் பேர்சைத் திறந்து தாள்களை இரண்டு தரம் எண்ணினார். காணவில்லை. சவர்க்காரம் இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்துக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்தது நான். என் கூடையிலும் அதே பால்மா, அதே பருப்பு.

"காட் இருக்கா மிஸ்? இண்டைக்கு இந்த பாங்க் காட்டுக்கு 20 வீதம் கழிவு."

என்னிடம் அந்த அட்டை இருந்தது. நீட்டினேன். பில்லில் கழிவு தனியாக அச்சாகியிருந்தது. அந்த அம்மா விட்டுவிட்டுப் போன இரண்டு சவர்க்காரங்களின் விலையைவிட அது கூட.

ஒரே கடை, ஒரே நாள், ஒரே பால்மா. காசு எண்ணிக் கொடுத்தவருக்கு முழு விலை. மாத முடிவில் கட்டலாம் என்று அட்டையை நீட்டிய எனக்குக் குறைந்த விலை. அந்த 20 வீதத்தை எனக்குத் தந்தது யார்? வங்கி தந்தது என்றுதான் விளம்பரம் சொல்கிறது. ஆனால் வங்கி தர்மம் செய்யும் இடமல்ல. அந்தக் காசு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்று தேடிப் போனதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. என் சொந்தக் கடன் கதையும் இதற்குள் வரும். அதைச் சொல்லாமல் மற்றவர்களின் கடனைப் பற்றி எழுதுவது நேர்மையாக இராது.

ஒரு தட்டலுக்குள் நடப்பது

நீங்கள் கடையில் அட்டையைத் தட்டும்போது முழுத் தொகையும் கடைக்காரருக்குப் போவதில்லை. இலங்கையில் ஒவ்வொரு அட்டைக் கொடுப்பனவிலும் ஏறத்தாழ 2.5 முதல் 3 வீதம் வரை வங்கி கழித்துக்கொள்ளும். 10,000 ரூபாவுக்குச் சாமான் விற்றால் கடைக்காரர் கையில் சேர்வது 9,700 அல்லது 9,750. மிச்சத்தை அட்டை வழங்கிய வங்கியும், கடைக்கு இயந்திரம் தந்த வங்கியும், விசா, மாஸ்டர்காட் போன்ற வலையமைப்புகளும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இந்தக் கட்டணத்தைக் கடைக்காரர் வாடிக்கையாளரின் தலையில் கட்டக் கூடாது. இலங்கை மத்திய வங்கி இதைப் பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறது. "காட் எண்டால் மூண்டு வீதம் கூட" என்று ஒரு கடை கேட்டால், அது அந்தக் கடை வங்கியோடு செய்த ஒப்பந்தத்தை மீறுவதாகும். நீங்கள் உங்கள் அட்டையை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம்.

விதி அப்படி. நடைமுறை வேறு. கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் ஏறி இறங்கிப் பாருங்கள். தொலைபேசிக் கடை, மின்சாதனக் கடை, நகைக்கடை என்று எங்கும் முதல் கேள்வி "காசா, காட்டா?" என்பதுதான். பதிலைப் பொறுத்து விலை மாறும்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. கிளிநொச்சியில் பலசரக்குக் கடை நடத்தும் ஓர் அண்ணையிடம் ஏன் அட்டை இயந்திரம் வைக்கவில்லை என்று கேட்டேன். "சீனியில எனக்கு வாறதே ரெண்டு மூண்டு வீதம் தங்கச்சி. அதையும் பாங்குக்குக் குடுத்தால் நான் என்னத்துக்குக் கடை திறக்கிறது?" என்றார்.

ஆக, அட்டை ஏற்கும் ஒரு கடைக்கு மூன்று வழிகள்தான் உண்டு. விதியை மீறி அட்டைக்காரரிடம் கூடுதலாக வாங்கலாம். தன் இலாபத்தை விட்டுக்கொடுக்கலாம். அல்லது எல்லாச் சாமான்களின் விலையிலும் அந்தக் கட்டணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிடலாம். பெரிய கடைகளுக்கு இலகுவானது மூன்றாவது. கழிவு விளம்பரங்களுக்குக் கடையும் வங்கியும் போடும் பங்கும் கடைசியில் வியாபாரச் செலவுதான். அதுவும் விலைக்குள் வந்து சேரும். விலைச்சீட்டில் எழுதியிருக்கும் தொகைக்குள் அட்டையின் செலவு ஒளிந்திருக்கிறது. அட்டை வைத்திருப்பவர் அதைக் கழிவாகத் திரும்பப் பெறுகிறார். அட்டை இல்லாதவர் திரும்பப் பெறுவதில்லை.

இது நான் கண்டுபிடித்த விசயமல்ல. அமெரிக்காவில் பொஸ்ரன் மத்திய ரிசேர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டார்கள். காசு பயன்படுத்தும் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டொலரைத் தன்னை அறியாமலே அட்டைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது என்றும், அட்டை பயன்படுத்தும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 1,133 டொலரைப் பெறுகிறது என்றும் அவர்கள் எழுதினார்கள். வருமானம் குறைந்தவர்களிடமிருந்து கூடியவர்களுக்குக் காசு நகர்கிறது என்பதுதான் அதன் சாரம். இலங்கையின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் காசு நகரும் திசை மாறுவதற்கு ஒரு காரணமும் இல்லை. வடக்கில் கடனட்டை வைத்திருப்பவர் யார்? மாதச் சம்பளம் வங்கிக்கு வருபவர், வியாபாரி, என்னைப் போன்று எப்படியோ ஒரு வருமானக் கடிதம் எடுத்தவர். நாட்கூலிக்குப் போகிறவருக்கும், கணவனை இழந்து தையல் தைப்பவருக்கும் எந்த வங்கியும் அட்டை கொடுப்பதில்லை. அவர்கள்தான் முழு விலை கொடுப்பவர்கள்.

18 இலிருந்து 36 வரை

அட்டை வைத்திருப்பவர் எப்போதும் வெல்கிறார் என்றும் நினைக்க வேண்டாம். அவரிடமிருந்து வாங்குவதற்கு வங்கியிடம் வேறு வழிகள் இருக்கின்றன. என் கதை இங்கேதான் வருகிறது.

2021இல் நான் அட்டை எடுத்தேன். அப்போது கடனட்டை வட்டி ஆண்டுக்கு 18 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய வங்கி 2020 ஓகஸ்டில் விதித்த உச்சவரம்பு நடைமுறையில் இருந்தது. சுயாதீன ஊடகவியலாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கட்டுரை வெளியாகி மூன்று மாதம் கழித்துக் காசு வரும். இடைவெளியை அடைக்க அட்டை உதவும் என்று நினைத்தேன்.

2022 பெப்ரவரியில் அப்பாவுக்கு அவசரச் சிகிச்சை தேவைப்பட்டது. தனியார் வைத்தியசாலை ஒன்றில் முற்பணம் கேட்டார்கள். அம்மா கையிலிருந்த காப்பைக் கழற்றி, "இதைக் கொண்டுபோய் அடைவு வை பிள்ளை" என்றா. எனக்கு மானம் போவதுபோல் இருந்தது. பட்டப்படிப்புப் படித்த மகள் தாயின் காப்பை வாங்கிக்கொண்டு அடைவு கடை வாசலில் நிற்பதா? "தேவையில்லை அம்மா, என்னட்டக் காட் இருக்கு" என்று 120,000 ரூபாவை அட்டையில் கட்டினேன்.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் ரூபா சரிந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் கூட்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. கடனட்டை வட்டிக்கான உச்சவரம்பும் நீக்கப்பட்டது. வங்கிகள் 24, 30 என்று ஏற்றி 36 வீதம் வரை போயின. நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், வட்டியை மாற்றும் உரிமை வங்கிக்கு உண்டு என்று சின்ன எழுத்தில் இருந்தது. அறிவித்தல் என் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தியாக, ஆங்கிலத்தில் வந்தது.

மாதாந்த அறிக்கையில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று முழு நிலுவை. மற்றது குறைந்தபட்சக் கொடுப்பனவு, பொதுவாக நிலுவையின் 5 வீதமளவில். அந்தச் சின்னத் தொகையைக் கட்டினால் போதும், கறுப்புப் பட்டியலில் விழமாட்டோம் என்று மனம் ஆறிவிடும். கணக்கு அப்படி ஆறுவதில்லை. 120,000 ரூபா நிலுவைக்கு 36 வீதம் என்றால் ஒரு மாத வட்டி 3,600 ரூபா. வட்டி சேர்ந்த நிலுவையில் 5 வீதம் 6,180 ரூபா. அதைக் கட்டினால் கடன் குறைவது வெறும் 2,580 ரூபாவால்.

இப்படியே குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால், புதிதாக ஒரு சதம்கூட அட்டையில் செலவழிக்காவிட்டாலும், கடன் பாதியாகக் குறைவதற்கு 32 மாதங்கள் எடுக்கும். அதற்குள் ஏறத்தாழ 144,000 ரூபா கட்டியிருப்பீர்கள். வாங்கியது 120,000. கட்டியது 144,000. இன்னும் இருப்பது 60,000.

இதோடு இன்னொரு விசயமும் உண்டு. ஐம்பது நாள் அளவில் வட்டி இல்லை என்று சொல்வார்கள் அல்லவா? அது முழு நிலுவையையும் உரிய நாளில் கட்டுபவருக்குத்தான். ஒரு பகுதியை மிச்சம் விட்டால் அந்தச் சலுகை போய்விடும். அதன்பின் வாங்கும் பாண், மருந்து எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையைக் கொண்டுபோய் ஏ.ரி.எம்.மில் காசு எடுத்தால் சலுகை நாள் என்பதே கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் எடுத்ததற்கென ஒரு கட்டணம். ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், எல்லை தாண்டிய கட்டணம் என்பவை தனி.

நான் 18 மாதங்கள் அப்படிக் கட்டினேன். இரண்டு தடவை தாமதக் கட்டணமும் சேர்ந்தது. 90,000 ரூபாவுக்கு மேல் கட்டிய பின்னும் 80,000 அளவில் மிச்சம் இருந்தது.

அடைவும் அட்டையும்

2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மறுபடியும் உச்சவரம்புகளை விதித்தது. கடனட்டைக்கு 28 வீதம். வங்கியில் நகை அடைவுக்கு 18 வீதம். இரண்டு எண்களையும் செய்தியில் ஒன்றாகப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் வெட்கப்பட்ட அடைவு, நான் பெருமையோடு நீட்டிய அட்டையைவிட 10 வீதம் மலிவு.

அந்த மாதமே அம்மாவின் காப்பை வங்கியில் அடைவு வைத்து அட்டைக் கடனை முடித்தேன். அடைவு கருமபீடத்தில் நின்ற இருபது நிமிடமும் யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வந்தார்கள். என்னோடு படித்த ஒருத்தியும் நின்றாள். அவளும் என்னைப் பார்க்காததுபோல் நின்றாள்.

அட்டை நமக்கு விற்பது கடனை மட்டுமல்ல, மறைப்பையும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அடைவு வைத்தால் கழுத்து வெறுமையாக இருப்பதை ஊர் பார்க்கும். சீட்டுக் காசு கட்டாவிட்டால் சீட்டுக்காரி வாசலில் நிற்பா. நுண்கடன் என்றால் வாராந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டும். அட்டைக் கடன் யாருக்கும் தெரியாது. பிளாஸ்டிக் பளபளப்பாகவே இருக்கும். கடனாளிக்கே தன் கடன் தெரியாதபடி மறைப்பதுதான் அதன் திறமை.

கையில் தாள் இருந்தால் எண்ணும்போது மனம் நோகும். அட்டையில் அந்த நோவு இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டி நுழைவுச்சீட்டுகளை ஏலத்தில் விட்டார்கள். ஒரு பகுதியினர் காசாகவும் மற்றப் பகுதியினர் கடனட்டையிலும் கட்ட வேண்டும். அட்டைக்காரர்கள் கேட்ட விலை காசுக்காரர்களின் விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை போனது. அந்த அம்மா சவர்க்காரத்தை எடுத்து வைத்தார். நான் தேவையில்லாத ஒரு சொக்லேட் பெட்டியையும் கூடைக்குள் போட்டிருந்தேன், 20 வீதம் கழிவு என்பதற்காக.

வட்டி இல்லாத தவணையின் வட்டி

திருமணம், வீடு குடிபூரல் என்று வரும்போது நம்மவர்களை அதிகம் பிடிப்பது "0 வீத வட்டியில் 12 மாதத் தவணை" என்ற பதாகை. குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போகும் ஒருவருக்கு உதாரணக் கணக்கு ஒன்று சொல்கிறேன்.

தவணை விலை 160,000. மாதம் 13,333 ரூபா, 12 மாதம். வட்டி இல்லை, உண்மைதான். ஆனால் அதே கடையில் "காசு குடுத்தால் என்ன விலை?" என்று கேட்டால் 145,000க்கு இறங்குவார்கள் என்று வைப்போம். அப்போது நீங்கள் கடனாக வாங்கியது 145,000 ரூபாப் பொருள். திருப்பிக் கட்டுவது 160,000. அந்த 15,000 ரூபாவை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 18 வீதத்துக்கு மேல் வருகிறது. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருவதால், 15,000ஐ 145,000ஆல் பிரித்து 10 வீதம்தானே என்று நினைப்பது தவறு. சில வங்கிகள் இதற்கு மேல் கையாளல் கட்டணம் என்று ஒன்றையும் சேர்க்கும். ஒரு தவணை தவறினால் மிச்சம் முழுவதும் வழமையான அட்டை வட்டிக்குள் விழலாம்.

எனவே, கடைக்குள் போனதும் "காசுக்கு என்ன விலை" என்று முதலில் கேளுங்கள். தவணையில் வாங்கத் தீர்மானித்திருந்தாலும் கேளுங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் உண்மையான வட்டி.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்து பணம் அனுப்பும் செயலிகளில் கடனட்டையால் கட்டும்போது, பல வங்கிகள் அதைப் பொருள் வாங்கியதாகக் கணக்கிடுவதில்லை, காசு எடுத்ததாகவே கணக்கிடுகின்றன. அன்றிலிருந்தே வட்டி. அம்மாவுக்கு அனுப்பும் காசுக்கு வங்கிக் கணக்கையோ பற்று அட்டையையோ பயன்படுத்துவது நல்லது.

போருக்குப் பின் வந்த கடன்கள்

2009 மே மாதத்துக்குப் பின் ஏ9 வீதியால் முதலில் வந்தவற்றில் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் உண்டு. வீட்டுக் கூரை போட முதல் மோட்டார் சைக்கிள் வந்தது, தவணையில். பிறகு நுண்கடன் வந்தது. வன்னியில் கணவனை இழந்த, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருந்த பெண்களின் வாசலுக்கே வந்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாழ் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் போருக்குப் பிந்திய வடக்கின் கடன்சுமை பற்றித் தொடர்ந்து எழுதினார்கள். பெண்கள் வீதியில் இறங்கினார்கள். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, கட்ட முடியாமல் போன பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது.

அந்தப் பெண்களால் போராட முடிந்ததற்கு ஒரு காரணம், அவர்களின் கடன் வெளியே தெரிந்தது. குழுவாகக் கடன்பட்டார்கள், குழுவாக எழுந்தார்கள். அட்டைக் கடனாளிகள் அப்படி இல்லை. ஆசிரியர், தாதி, பிரதேச செயலக உத்தியோகத்தர், தனியார் நிறுவன ஊழியர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தம் அறைக்குள் இருந்து குறைந்தபட்சக் கொடுப்பனவைக் கட்டுகிறார்கள். இந்தக் கட்டுரைக்காக நான் பேசிய யாரும் தம் நிலுவை எவ்வளவு என்று சொல்ல விரும்பவில்லை. ஒருவருக்கு அது மனைவிக்கும் தெரியாது.

காசுக்கும் செலவு உண்டு

அதற்காக, அட்டையைக் கிழித்துவிட்டுக் காசுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. காசின் செலவு எங்களைப்போல் வேறு யாருக்குத் தெரியும்?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்கு ஏழு வயது. குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அம்மாவின் இடுப்பில் சீலைத் தலைப்புக்குள் முடிந்திருந்தது. மழையில் நனைந்து ஒட்டிப்போன தாள்களைத் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மேசையில் விரித்துக் காயவைத்தது எனக்கு ஞாபகம். வன்னியில் இருந்தவர்கள் 2009இல் பங்கர்களில் புதைத்தவற்றைப் பலர் திரும்பப் போய் எடுக்கவே முடியவில்லை. காசு தொலைந்தால் தொலைந்ததுதான். அதற்குப் பதிவு இல்லை, முறையிட இடமில்லை.

பதிவு இருந்தால் மட்டும் போதுமா என்பதும் எங்களிடம் உள்ள கேள்வி. தமிழீழ வைப்பகத்தில் நகை அடைவு வைத்த சிட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் பலர். இறுதிப் போரின்போது மீட்டதாகச் சொல்லப்பட்ட தங்கத்தை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது 2025 மே மாதத்தில்தான். பதினாறு ஆண்டுகள். ஒரு நிறுவனத்தின் காகிதத்தை நம்புவதா, இடுப்பில் முடிந்த தாளை நம்புவதா என்ற கேள்வி எங்கள் மக்களுக்கு வெறும் பொருளியல் கேள்வியல்ல.

அன்றாட வாழ்விலும் காசுக்கு மறைவிலை உண்டு. "பில் இல்லாமல் எண்டால் குறைச்சுத் தாறன்" என்று கடைக்காரர் சொல்வதற்குப் பின்னால், 2024 ஜனவரி முதல் 18 வீதமாகியிருக்கும் வற் வரி இருக்கலாம். அந்தக் குறைப்போடு உங்கள் உத்தரவாதமும் போய்விடும். பொருள் பழுதானால் வாங்கியதற்கே ஆதாரமில்லை. அட்டையில் கட்டினால் பதிவு இருக்கும். மோசடி என்றால் வங்கியிடம் மறுத்து முறையிடலாம். முழு நிலுவையையும் உரிய நாளில் கட்டக்கூடிய ஒருவருக்கு அட்டை நல்ல கருவிதான்.

சிக்கல், யாரால் கட்ட முடியும் என்பதிலும், கட்ட முடியாதபோது என்ன நடக்கும் என்பதை யார் எந்த மொழியில் சொல்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

கேட்க வேண்டியவை

2025 பெப்ரவரியில் அரசாங்கம் கவ்பே திட்டத்தை ஆரம்பித்தது. அரசுக் கொடுப்பனவுகள் படிப்படியாக இணையத்துக்குப் போகின்றன. காசில்லாப் பொருளாதாரம் வருகிறது என்கிறார்கள். வரட்டும். ஆனால் அதன் செலவைக் காசு மட்டும் வைத்திருப்பவரே சுமக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல், அட்டை வழங்கும் வங்கி ஒவ்வொரு கொடுப்பனவிலும் எடுக்கும் பங்கைப் பற்று அட்டைக்கு 0.2 வீதமாகவும் கடனட்டைக்கு 0.3 வீதமாகவும் மட்டுப்படுத்தியது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. கொடுப்பனவுகளுக்குக் கடைக்காரரிடம் கட்டணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. இலங்கையில் கடைக்காரர் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது என்ற தடையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டணமே ஏன் 3 வீதம் என்று எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் எவரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் வர்த்தக சங்கங்களாவது கேட்கலாம்.

மொழி அடுத்தது. 2023இல் மத்திய வங்கி கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, வாடிக்கையாளர் தான் விரும்பும் மொழியில் ஆவணங்களைக் கேட்கலாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அடுத்த தடவை வங்கிக்குப் போகும்போது அட்டை ஒப்பந்தத்தைத் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். வட்டி வீதம் எவ்வளவு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் முடிய எத்தனை மாதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நேரில் போயும் கேட்கலாம்.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களுக்கு, அதே இடத்தில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அட்டையைப் பாவிப்பதை முதலில் நிறுத்துங்கள். வங்கிக்குப் போய், நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கிறிப் என்று நாங்கள் சொல்லும் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். பயந்து ஒளிவதைவிட எங்கே நிற்கிறோம் என்று தெரிவது நல்லது. வீட்டில் நகை இருந்து, மீட்கும் வழியும் இருந்தால், அடைவு வட்டியையும் அட்டை வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முதல், வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள்.

அம்மாவின் காப்பை 2024 இறுதியில் மீட்டேன். கையில் போடும்போது, "முதலே வாங்கியிருந்தால் அப்பவே முடிஞ்சிருக்கும்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. நான் கட்டிய வட்டியின் கணக்கை இன்றுவரை அவவுக்குச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை வாசித்தால் தெரிந்துகொள்ளுவா.

சுப்பர்மார்க்கெட்டில் சந்தித்த அந்த அம்மாவுக்கு அப்படிக் கணக்குச் சொல்ல எவரும் இல்லை. கடன்படாமல், கையில் உள்ளதற்குள் வாழ்ந்ததற்காக அவர் முழு விலை கட்டினார். என் பில்லில் அச்சாகியிருந்த 20 வீதத்தில் ஒரு பங்கு அவருடையது. அவர் வைத்துவிட்டுப் போன சவர்க்காரங்களைக் காசாளர் எடுத்துப் பின்னால் இருந்த தட்டில் மறுபடி அடுக்கினார்.